பெண் பார்க்கப் போன நாளில் நூறு அடி ஆழம்

தம்பிகளா, பெண் பார்க்கப் போகிற நாளில் தண்ணீரில் முங்காதீர்கள். இந்த வேலையில் கிடந்து ஊறி, காது பாதி போய், ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவன் சொல்கிறேன். எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இந்த விதியைப் போட்டிருக்க மாட்டார்கள். உங்கள் மணிக்கட்டில் கட்டியிருக்கிற கம்ப்யூட்டர் எவ்வளவு ஆழம், எத்தனை நிமிஷம் என்றெல்லாம் கணக்காகச் சொல்லும். மேலே வந்த பிறகு நீங்கள் எந்த மலைக்கு ஜீப் ஏறப் போகிறீர்கள் என்று அது கேட்காது. என்னையும் யாரும் கேட்கவில்லை. கேட்டவள் ஒருத்திதான், அவள் கேட்டபோது காரியம் கைமீறிப் போயிருந்தது.

எனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளி. நெல்லும் கடலையும் போட்ட குடும்பம். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் கிணற்றைத் தாண்டி நீந்தியதில்லை. எழுபதுகளில் இடுக்கி மலையில் ஓர் அணையில் முக்குளிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். மதகின் அடியில் சிக்கிய மரத்தை எடுப்பது, கதவு ஓடும் தடத்தில் விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது, இதுதான் வேலை. எங்கள் தலைவர் கடலில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்த கொச்சிக்காரர். ஆசான் என்று கூப்பிடுவோம். கோபக்காரர், ஆனால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே அவர் நிற்கிறார் என்றால் கீழே இருப்பவன் பயப்பட வேண்டாம்.

எங்களிடம் இரண்டு விதச் சாமான்கள் இருந்தன. ஆழத்துக்கு முதுகில் கட்டும் காற்று சிலிண்டர். இருபது அடிக்குள் செய்யும் வேலைக்குப் பை செட். இன்று நீங்கள் ரீபிரீதர் என்று பெருமையாகச் சொல்வதன் பழைய உருவம் அது. நெஞ்சில் ஒரு ரப்பர் பை, இடுப்பில் ஒரு சின்ன ஆக்சிஜன் உருளை, நடுவே சோடா சுண்ணாம்புக் குருணை நிரப்பிய டப்பா. நாம் விடும் மூச்சு குமிழியாக வெளியே போகாது. டப்பாவுக்குள் போய், கரியமில வாயுவைச் சுண்ணாம்பிடம் கொடுத்துவிட்டு, மறுபடி பைக்கு வரும். குமிழி இல்லாததால் அணைத் தண்ணீர் போகும் சுரங்க வாயின் கூரையில் ஒட்டிய சேறு உதிர்ந்து கண்ணை மறைக்காது. விட்ட மூச்சே திரும்பி வருவதால் சின்ன உருளையும் மணிக்கணக்கில் தாங்கும். ஆனால் அதைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போனால் சுத்த ஆக்சிஜனே விஷமாகி வலிப்பு வந்துவிடும். அதனால் இருபது அடியில் கயிற்றில் ஒரு சிவப்புத் துணியை முடிந்து வைத்திருப்பார் ஆசான்.

ஒருமுறை சுண்ணாம்பு தீர்ந்துபோய் ஸ்டோருக்குச் சீட்டு எழுதினோம். ஸ்டோர்காரர் ஒரு மூட்டை அனுப்பினார். நானும் டப்பாவில் கொட்டி, பையைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஐந்து நிமிஷத்தில் மண்டை இடிக்கிறது, ஓடி வந்த நாய்போல் இளைக்கிறது. கயிற்றை இழுத்து மேலே வந்து டப்பாவைத் திறந்தால் உள்ளே தூள் கட்டிதட்டிக் கிடக்கிறது. ஆபீஸ் சுவருக்கு அடிக்க வைத்திருந்த வெள்ளைச் சுண்ணாம்பு. ஆசான் ஸ்டோருக்குப் போய்ச் சத்தம் போட்டார். ஸ்டோர்காரர் அசரவில்லை. "சுண்ணாம்பு கேட்டீங்க, சுண்ணாம்பு குடுத்தேன். உள்ள போட்டுக்கறதுக்கு வெள்ளையா இருந்தா என்ன, மஞ்சளா இருந்தா என்ன" என்றார். அன்று முதல் ஆசான் பை செட்டையும் நல்ல சுண்ணாம்பு டின்னையும் ஸ்டோரில் வைப்பதை நிறுத்திவிட்டார். சாயாக்கடைக்குப் போனாலும், முடி வெட்டப் போனாலும் ஒரு சாக்குப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போவார். நாங்கள் பின்னால் சிரிப்போம். அந்தச் சாக்குப் பைதான் என் காலைக் காப்பாற்றியது.

அணை ஆபீசுக்கு வாடகை ஜீப் ஓட்டிய ஒருவர் இருந்தார். போடிமெட்டுக்குப் பக்கத்தில் தேயிலை எஸ்டேட்டில் குடியிருப்பு. அவருக்கு ஒரே மகள், எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிக் கொடுக்கும் வேலை. தினமும் என்னைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் ஊர்ப் பக்கம் அணைக்குள் முங்குகிறவனுக்குப் பெண் கொடுக்க யாரும் தயாராக இல்லை என்பதால் என் அம்மாவுக்கும் பிடித்துப்போயிற்று. ஆவணியில் ஒரு நல்ல நாள் குறித்தார்கள். அம்மா முதல் நாளே எலப்புள்ளியிலிருந்து பஸ் ஏறி, போடி வழியாக அங்கே போய் இறங்கிவிட்டார். நானும் ஆசானும் சாயங்காலம் நாலு மணிக்குள் வந்து சேர வேண்டும்.

அன்று காலையில் பார்த்து ஒரு முழு மரம் வந்து மதகின் அடியில் சிக்கியது. கதவு மூடவில்லை, மேலே மழை. நூறு அடி ஆழத்தில் மூன்று முறை இறங்கி அறுத்து எடுத்தேன். ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரையும், அது மெதுவாக வெளியேற நேரம் கொடுக்காவிட்டால் உள்ளேயே குமிழியாகி மூட்டிலும் நரம்பிலும் உட்கார்ந்துகொள்ளும், அதுதான் பெண்ட்ஸ் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆசான் அட்டவணையை விரித்து, நிமிஷம் பிசகாமல் பத்தடியில் என்னைத் தொங்கவிட்டுத்தான் மேலே எடுத்தார். அட்டவணைப்படி எல்லாம் சரி. ஆனால் அந்த அட்டவணை கடலுக்கு எழுதியது. முங்கியவன் மேலே வந்து கப்பல் தட்டில் உட்கார்ந்து சாயா குடிப்பான் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். அணையே மலை மேல் இருக்கும், அதிலிருந்து ஏறியவன் தலை வாரி, பவுடர் போட்டு, அதைவிட உயரமான மலைக்குப் பெண் பார்க்கக் கிளம்புவான் என்று எழுதியவருக்கு எப்படித் தெரியும்?

ஜீப்பில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் தோள் அரிக்க ஆரம்பித்தது. புதுச் சட்டையின் கஞ்சி என்று நினைத்தேன். பூப்பாறை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வலது முழங்காலில் ஒரு வலி. மரம் அறுத்ததில் பிசகியிருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். மாப்பிள்ளை வேஷத்தில் இருப்பவன் வலி என்று சொல்வானா? பல்லைக் கடித்துக்கொண்டு போய்ப் பாயில் உட்கார்ந்தேன்.

கேசரி வந்தது. பெண் வந்தாள். என் அம்மா வழக்கம் விடாமல், "ஏனுங்க, பொண்ணு அப்படியே ஒரு நடை நடந்து காட்டட்டுங்க" என்றார். அவள் நடந்தாள். நான் பார்க்கவில்லை. அப்போது வலி இடுப்பு வரைக்கும் பிடுங்கியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன்.

"கண்ணு, எந்திரிச்சுப் பெரியவங்களைக் கும்பிடு" என்றார் அம்மா.

எழுந்திருக்க முடியவில்லை. கையை ஊன்றினேன், சுவரைப் பிடித்தேன். பாதி எழுந்து, கேசரித் தட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கூடத்தில் யார் என்ன நினைத்தார்கள் என்பது எனக்குச் சத்தமாகவே கேட்டது. "எம்பையனுக்குக் கால்ல ஒரு குத்தமும் இல்லீங்க. ரெண்டு காலும் நல்ல காலுங்க" என்றார் அம்மா, யாரும் கேட்காமலே.

"நான் தெனம் பாக்குறேன்த்தா, நேத்து வரைக்கும் நல்லாத்தான் நடந்தாரு" என்றார் ஜீப்காரர். அவர் தைலப் புட்டி எடுக்க ஓடினார். ஆசான் என் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தோளைப் பார்த்தார். தோல் முழுக்கச் சிவப்பும் நீலமுமாகப் படை படையாக இருந்தது. பாதத்தைக் கிள்ளினார்.

"அறியுன்னுண்டோ?"

"இல்லை ஆசானே. மரத்துப்போச்சு."

அவர் முகம் வெளுத்தது. அந்த மனிதர் பயந்து நான் பார்த்தது அன்றுதான். பாதம் மரத்தால் குமிழி முதுகுத்தண்டைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். நேரம் போனால் கால் போய்விடும். கல்யாணத்தை மறந்துவிட்டேன். நடந்து ஒண்ணுக்குப் போக முடியுமா என்ற ஒரே கவலைதான் மிச்சம்.

இதற்கு மருந்து கொச்சியில் இருந்தது. உள்ளே ஆளை வைத்துக் காற்றழுத்தத்தை ஏற்றும் இரும்பு அறை. தொடுபுழைக்கு இறங்கும் சாலையில் மண் சரிந்து ஒரு வாரமாகப் போக்குவரத்து இல்லை. "மூணாறு வழி போகாம். ராத்திரிக்குள்ளே எத்தாம்" என்றார் ஆசான், அந்த வழியில் போனால் ராத்திரிக்குள் சேர்ந்துவிடலாம் என்று. ஜீப்காரர் சாவியை எடுத்துவிட்டார். நாலு பேர் என்னைத் தூக்கியும் விட்டார்கள்.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "ஒரு நிமிசம். வலி எந்த இடத்துல ஆரம்பிச்சது?"

"முழங்காலில்" என்றேன்.

"ஒடம்புல கேக்கல. ரோட்டுல எந்த இடம்?"

யோசித்தேன். "பூப்பாறை தாண்டி. ஏத்தத்தில்."

"மேல வரவரக் கூடுச்சா?"

"ஆமாம்."

"அப்பா, போடியில இருந்து வர்ற களிம்பு ட்யூப்பு இங்க வந்து மூடியத் தெறந்தா தன்னால பிதுங்கிக்கிட்டு வருதுல்ல? அங்க இறுக்கி மூடுனது இங்க வந்து உப்பிக்கிடுது. இவருக்கும் அதேதான் போல. மூணாறு ரோடு இன்னும் மேலல்ல ஏறுது? அதுல கூட்டிட்டுப் போனா என்ன ஆகும்?"

ஆசான் அப்படியே நின்றார். என்னைத் தூக்கியிருந்தவர்களும் என்னைத் தூக்கியபடியே நின்றார்கள். முப்பது வருஷம் கடலில் கிடந்தவர் அவர். மேலே வந்த பிறகும் ஒருவன் இன்னும் மேலே போகலாம் என்பது கடலில் கிடையாது. அவர் தலையில் அடித்துக்கொண்டு, "பிழை என்டெதாணு மோளே. என்டெ பிழை" என்றார். கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். நீங்கள் நாளைக்குத் தலைவர்களாக வரும்போது, உங்களுக்குக் கீழே இருக்கிறவன் காலா உங்கள் மானமா என்று வந்தால், இந்த இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அவர் ஒரு நிமிஷம்கூட வீணாக்கவில்லை. சாக்குப் பையைப் பிரித்தார். பை செட்டை என் நெஞ்சில் கட்டி, மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயைத் திணித்தார். சுத்த ஆக்சிஜனை மூச்சாக எடுத்தால் உடம்பிலிருக்கும் நைட்ரஜன் வேகமாக வெளியேறும். தண்ணீருக்குள் கட்டுகிற சாமானை ஜரிகை வேட்டியின் மேல் கட்டிக்கொண்டு, ரப்பர் பை உப்பி உப்பி வடிய, நான் பெண் வீட்டுக் கூடத்தில் கிடந்தேன்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று அவள் கேட்டாள். வாயில் குழாய். பேச முடியாது. பரவாயில்லை என்று காட்டக் கட்டை விரலைத் தூக்கினேன். ஆசான் பாய்ந்து வந்து என் விரலை மடக்கினார். "அது மேலே போகுன்ன சைகையாணு. மேலே போனது போதும்" என்றார். நம் தொழிலில் 'சரி' என்றால் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்க வேண்டும். அவசரத்தில் எல்லாம் மறந்துபோயிற்று.

போக வேண்டிய வழியைச் சொன்னவர் ஜீப்காரர். முதலில் போடிக்கு இறங்குவது. பிறகு மலை பக்கமே தலைவைக்காமல் சமவெளியிலேயே கோயம்புத்தூர் போய், வாளையார் வழியாகப் பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து கொச்சி. மூன்று மடங்கு தூரம், ஆனால் எங்கும் ஏற்றம் கிடையாது. "என் வீட்டுக் கூடத்துல படுத்த புள்ளைய நான்தான் கொண்டு சேக்கணும்" என்று சொல்லி அவரே ஓட்டினார். ஆசான் என் பக்கத்தில். பின்னால் என் அம்மா, சுண்ணாம்பு டின்னை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாச் சாமியையும் பேர் சொல்லிக் கூப்பிட்டபடி.

போடிக்கு இறங்க இறங்க வலி ஒவ்வொரு வளைவாகக் குறைந்தது. தேனியைத் தாண்டும்போது பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. நான் அழுதேன். வாயில் குழாயோடு அழுதால் மூச்சு முட்டும், அதனால் ஆசான் திட்டினார். அரை மணி நேரம் ஆக்சிஜன், கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஆக்சிஜன். வழியில் ஒருமுறை டப்பாவிலிருந்த சுண்ணாம்பை மாற்றினார். சாதாரண சிலிண்டராக இருந்தால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்திருக்கும். அந்தப் பைதான் விட்டதையே திருப்பிக் கொடுத்து விடியும்வரை கொண்டுவந்து சேர்த்தது.

விடிகிற நேரம் வாளையார் செக்போஸ்ட். ஓணம் சமயம். அரிசி எல்லை தாண்டாமல் பார்க்க வேண்டிய அதிகாரி எங்கள் பக்கத்துக் கொங்குக்காரர். சந்தேகத்தையும் மரியாதையாகவே கேட்பார்.

"ஏனுங்க, அந்தப் பையில என்னங்க?"

"மூச்சு சார்" என்றார் ஜீப்காரர்.

"ஆரு மூச்சுங்க?"

"மாப்பிள்ளை மூச்சு சார்."

அதிகாரி என்னைப் பார்த்தார். பை உப்பியது, வடிந்தது. அவர் பார்வை அம்மாவின் மடிக்குப் போனது. டின்னைத் திறக்கச் சொன்னார். உள்ளே வெள்ளை வெளேரென்று குருணை. "இது நொய்யரிசிதானுங்களே" என்று வெற்றியோடு சொல்லி, ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தார். ஆசான் "வேண்டா" என்று கத்துவதற்குள் வைத்துவிட்டார். அடுத்து அவரைப் பார்த்தபோது தண்ணீர்ப் பானையில் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா ஜீப்பிலிருந்தே, "ஏனுங்க, எம்பையன் உசுரு அந்த டின்னுலதானுங்க இருக்குது. ருசி பார்க்கறதுக்கா கொண்டுபோறோம்?" என்றார். அதிகாரி வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, தடுப்புக் கட்டையைத் தானே தூக்கிவிட்டார். "சீக்கிரம் போங்க" என்று சொல்லத்தான் நினைத்திருப்பார். நாக்கு வெந்திருந்ததால் கையைத்தான் ஆட்டினார்.

கொச்சியில் என்னை இரும்பு அறைக்குள் வைத்து மூடினார்கள். ரொம்ப நேரம். வட்டக் கண்ணாடி வழியாக மாற்றி மாற்றி மூன்று முகங்கள் தெரிந்தன. வெளியே வந்து நடந்தேன். நாலு எட்டு. தள்ளாட்டம் இருந்தது, ஆனால் இரண்டு காலும் என்னுடையவை. டாக்டர் சொன்னார், ஒரு மாதம் முங்கக் கூடாது, மலை பக்கமே போகக் கூடாது. ஆசான் தன் அட்டவணையைத் திறந்து முதல் பக்கத்தில் மை பேனாவால் எழுதினார்: 'முங்குவதற்கு முன் கேள். முங்கியபின் எங்கே போகிறாய்?'

அதற்குப் பிறகுதான் அம்மா என்னிடம் கேட்டார். "பொண்ணு எப்படி கண்ணு? உனக்குப் புடிச்சிருக்குதா?"

அப்போதுதான் உறைத்தது. அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை. நடந்தபோது கண்ணை மூடியிருந்தேன். பேசியபோது மேலே கூரையும் ஆசானின் மூக்கும்தான் தெரிந்தன. என் காலைக் காப்பாற்றியவளின் குரல் மட்டும்தான் எனக்குத் தெரியும். திரும்பிப் போய்ப் பார்க்கலாம் என்றால் மலை ஏறக் கூடாது. அதோடு, கேசரித் தட்டில் உட்கார்ந்தவனுக்கு அவர்கள் பெண் கொடுப்பார்களா? அந்த மாதம் முழுக்க எலப்புள்ளியில் கடலைக்காட்டு வரப்பில் நடந்து பழகினேன். முகம் தெரியாத ஒருத்தியை நினைத்துக்கொண்டு நடப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

மாதம் முடியும் சமயம் ஜீப்காரரிடமிருந்து ஒரு கார்டு. போடியில் தன் தங்கை வீட்டுக்கு வரும்படி எழுதியிருந்தார். நானும் அம்மாவும் ஆசானும் போனோம். கூடத்தில் பாய் விரித்திருந்தது. உட்காரப் போனேன்.

"இருங்க, உக்காராதீக" என்றது அந்தக் குரல். கதவருகே நின்றிருந்தாள். "அன்னைக்கு அத்தை என்னைய நடந்து காட்டச் சொன்னாக, நான் நடந்தேன். இன்னைக்கு நீங்க நடங்க."

நான் சுவரிலிருந்து சுவருக்கு நடந்தேன். மருந்து கட்டுகிறவள் மாத்திரை எண்ணும் கவனத்தோடு அவள் என் காலைப் பார்த்தாள்.

"சம்மணம் போட்டு உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"கைய ஊனாம எந்திரிங்க."

எழுந்தேன். ஆசான் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா எப்ப முங்குனீக?"

"அன்னைக்குத்தான்."

"இனி முங்குற அன்னைக்கு மேட்டுக்கு ஏறி வருவீகளா?"

"ஏற மாட்டேன்" என்றேன். "நீ இறங்கி வந்தால் போதும்."

"அதான் வந்துட்டேன்ல" என்று சொல்லிவிட்டு, அப்பாவிடம் திரும்பி, "எனக்குச் சம்மதம்ப்பா" என்றாள்.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "ஏனுங்க, எம்பையனுக்குப் புடிச்சிருக்குதான்னு ஒரு வார்த்தை ஆராவது கேட்டீங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் நான் அவள் முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். பார்த்ததும் பேச்சு வரவில்லை, வாயில் குழாய் இல்லாமலே. கை தானாக மேலே போனது. ஆசான் பதறிப்போய் என் விரலைப் பிடிக்க எழுந்தார். நான் பிசகவில்லை. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கிக் காட்டினேன்.